ஒன்றரை சென்ட் வீடு

கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றைக்கே சந்தில் பேச்சு எழுந்துவிட்டது.

"இம்புட்டு எடத்துல என்னத்தக் கட்டப் போறாக?"

கேட்டவர் பால் ஊற்றுகிறவர். சைக்கிளை ஒரு காலால் தாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். பழைய காரை வீடு ஒன்று அடைமழையில் சரிந்து, நாலைந்து வருடமாக எருக்கு முளைத்துக் கிடந்த மனை அது. முகப்பு 15 அடி, நீளம் 43 அடி, மொத்தம் ஒன்றரை சென்ட். மதுரையில் தெற்கு மாசி வீதிக்குப் பின்னால், இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று சுவரோரம் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. நான் நேரெதிரே முதல் மாடியில் குடியிருக்கிறேன். என் மேசை ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது. அந்த வீடு எழுந்ததை முதல் கல்லிலிருந்து பார்த்தவன் நான். வீட்டுக்காரர்களோடு பேசிய வார்த்தைகளை மட்டும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கோடு போட்ட மறுநாள் அவர்கள் இருவரும் வந்தார்கள். அவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். அந்த அம்மாவுக்கு நாலைந்து வயது குறைவு. கையில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்க். அவர் முன்பக்கக் கோட்டுக்குள் ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்தார். அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு கோடாகத் தாண்டிப் பின்பக்கம் போய் நின்றார்.

"ஏங்க."

"என்னம்மா?"

"கேக்குதா?"

"கேக்குது."

"அப்பப் போதும்."

அந்த அம்மா நின்ற இடத்தில் பிறகு அடுக்களை வந்தது. அவர் உட்கார்ந்த இடத்தில் திண்ணை வந்தது. அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. டேப்பை வைத்து மனையை அளப்பதைப் பார்த்திருக்கிறேன், குரலை வைத்து அளந்ததை அன்றுதான் பார்த்தேன்.

வேலை ஆவணியில் தொடங்கியது. ஒரு கொத்தனார், ஒரு கையாள், இரண்டு சித்தாள்கள். பெரிய கட்டடங்களில் வேலை பார்த்துப் பழகிய கொத்தனார் போலிருக்கிறது. முதல் வாரம் சரசரவென்று வரிசை ஏற்றினார். பிறகு அவரே நிதானப்பட்டார். ஒரு நாள் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தவர், முந்தின நாள் கட்டிய இரண்டு வரிசையைத் தாமாகவே பிரித்தார். சித்தாள் ஏன் என்று கேட்டாள். "பெரிய வீட்ல ஒரு விரக்கடை ஓடிப்போனா எவனுக்கும் தெரியாது தாயி. இங்க உக்காந்து எந்திரிக்கிற எடமெல்லாம் கண்ணுக்குப் பக்கத்துல. பொழுதன்னைக்கும் உறுத்தும்" என்றார்.

அந்த வீட்டைப் பற்றி நான் கேட்ட முதல் உண்மை அது. சின்ன வீட்டில் ஒளிந்துகொள்ள இடமில்லை. அங்கே ஒவ்வொரு மூலையும் கண்ணுக்கு எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால் மூலைக்கு மூலை நேர்த்தி வேண்டியிருக்கிறது. அகலத்தில் செலவழிக்காத பணத்தை அவர்கள் நேர்த்தியில் செலவழித்தார்கள். நிதானமாகச் செய்ய நாளும் கொடுத்தார்கள்.

ஐப்பசியில் பூச்சு வேலை. ஒரு காலையில் என் ஜன்னலுக்குக் கருப்பட்டி வாசம் வந்தது. கீழே தொட்டியில் சுண்ணாம்பு வாரக்கணக்கில் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்து டிரம்மில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு வந்து இறங்கியது. மெல்லிய பூச்சைப் பூசி, ஈரம் முற்றிலும் இழுபடுவதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் அந்தச் சுவரில் கையாளின் நிழல் தண்ணீரில் விழுந்ததுபோல் விழுந்தது.

கடைத்தெருவுக்குப் போகும்போது நான் பத்துத்தூண் சந்து வழியாகப் போவேன். ஜவுளிக் கடைகளின் பலகைகளுக்கும் தொங்கும் நைட்டிகளுக்கும் நடுவே கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு மேலே கூரையும் இல்லை, பக்கத்தில் சுவரும் இல்லை. திருமலை நாயக்கர் 1636-ல் கட்டிய அரண்மனையின் மிச்சம் அவை. இன்று நாம் மகால் என்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிற சொர்க்கவிலாசம், அந்த அரண்மனையில் ஏறத்தாழக் கால் பங்குதான். அதன் இன்னொரு பகுதியான ரங்கவிலாசம் போய்விட்டது. நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, அரண்மனையைப் பிரித்துப் பொருள்களை அங்கே கொண்டுபோனார். எஞ்சியதும் இடிந்துபோகாமல் இருப்பதற்கு, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு செய்வித்த செப்பம்தான் காரணம்.

மகாலின் தூண்களை ஒரு ஆள் கட்டிப் பிடிக்க முடியாது. ஆனால் அந்தத் தூண்களின் மேற்பூச்சும் வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புதான். எதிர்வீட்டுச் சுவரைத் தேய்த்த அதே கைப்பக்குவம். அரண்மனையைப் பேரனாலேயே கட்டிக் காக்க முடியவில்லை. அதன் பக்குவம் மட்டும் கொத்தனார் கைகள் வழியாக இறங்கி வந்து, ஒன்றரை சென்ட்டில் உட்கார்ந்துவிட்டது.

கார்த்திகையில் ஒரு குட்டியானை வண்டி சந்து முனையில் நின்றது. அதற்கு மேல் உள்ளே வராது. நாலு பேர் சாக்குச் சுற்றிய ஒரு கதவைத் தோளில் தூக்கி வந்தார்கள். பர்மா தேக்கு. நிலையோடு சேர்ந்த கதவு. மேல்சட்டத்தில் செதுக்கிய இரண்டு கிளிகள், நடுவில் ஒரு தாமரை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கியது என்று ஆசாரி சொல்லிக்கொண்டிருந்தார்.

மதுரையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் இருக்கும் அந்தத் தெரு எனக்குத் தெரியும். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்தால் அவற்றின் உடல் அங்கேதான் வந்து சேரும். தூண், நிலை, உத்தரம், கண்ணாடி, எனாமல் தூக்கு, ஊஞ்சல் பலகை என்று எல்லாம் கடை வாசலில் சாய்ந்து கிடக்கும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீண்டு, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கிற வீடுகள் அவை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பணத்தில் எழுந்தவை. பிள்ளைகள் தொழிலுக்கும் வேலைக்கும் ஊர் ஊராகப் போனார்கள். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர் ஆனார்கள். ஓடு மாற்றுவதற்குக்கூட எல்லோரும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராத வீடுகள் பிரிந்து, மரமாகவும் கல்லாகவும் தெருவுக்கு வந்தன.

வீட்டுக்காரர் கதவைச் சுற்றி வந்தார். "பெருசா இருக்குமோன்னு பயந்தேன், ஆசாரி" என்றார்.

"முகப்புக் கதவு எடுத்திருந்தா நம்ம வீடே கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிரும்ங்கய்யா. இது உள்ள, வளவுல இருந்த அறைக் கதவு. ஒரு புள்ளிக்கு உண்டான அறை. அளந்து பாத்துத்தான் எடுத்தேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் என் பேனா நின்றுவிட்டது. செட்டிநாட்டில் கல்யாணமான ஒரு மகனின் குடும்பம் ஒரு புள்ளி. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் புள்ளிக்கு ஒன்று. முகப்பும் பட்டாலையும் வளவும் இரண்டாங்கட்டும் எல்லோருக்கும் பொது; கல்யாணத்துக்கும் கேதத்துக்கும் ஊரே வந்து நிறைகிற இடங்கள். ஒரு கணவனும் மனைவியும் எங்களுடையது என்று தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது அந்த ஒரு சின்ன அறையை மட்டும்தான். அத்தனை பெரிய வீட்டுக்குள்ளும் இரண்டு பேர் உண்மையில் குடியிருந்த அளவு அவ்வளவுதான். அந்த அளவின் கதவு இந்தச் சந்துக்கு வந்து, ஒரு அங்குலம் செதுக்காமல் வாசலில் பொருந்தியது. மஞ்சள் குங்குமம் வைத்து, நிலைக்கு அடியில் நவதானியம் போட்டு நிறுத்தினார்கள். அந்த அம்மா கிளியின் மூக்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

கடைசியில் வந்தது தரை. ஆத்தங்குடிக் கல், எட்டு அங்குலச் சதுரம். சூளையே காணாத கல் அது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சின் அறைகளுக்குள் சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, காயவிட்டுத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடி தானாகக் கழன்று வரும். கண்ணாடியின் வழவழப்பு கல்லில் தங்கிவிடும். பதித்து முடித்த அன்று தரை கொஞ்சம் மங்கலாக இருந்தது. அந்த அம்மாவின் முகமும் மங்கியதை மேலிருந்தே கண்டேன். பதித்தவர் சிரித்தார். "நடங்கம்மா. நடக்க நடக்கத்தான் மினுக்கும்."

தை பிறந்ததும் பால் காய்ச்சினார்கள். சந்தில் எல்லோரையும் அழைத்தார்கள், என்னையும். அன்றுதான் உள்ளே போனேன். நுழைந்ததும் நாலடித் திண்ணை. நிலை தாண்டினால் ஒரு கூடம். கூடத்தின் நடுவே ஐந்தடிக்கு ஐந்தடி முற்றம்; மேலே கம்பி, கம்பிக்கு மேலே வானம். வலப்பக்கம் ஒரே ஒரு படுக்கையறை. பின்னால் அடுக்களை, குளியலறை, கையகலக் கொல்லை, அதில் துளசி மாடம். சுவரில் விளக்கு வைக்க ஒரு மாடக்குழி. புத்தகங்களுக்குச் சுவரிலேயே குடைந்த அலமாரி. திண்ணைக்கு அடியில் செருப்பும் குடையும் வைக்க இழுப்பறை. இழுத்துப் பார்த்தேன், சத்தமே இல்லை. தை மாத வெயில் முற்றத்தில் இறங்கி, வெள்ளைச் சுவரில் பட்டு, வீடெங்கும் மோர்போலப் பரவியிருந்தது. விளக்குப் போட வேண்டிய இருட்டு எங்கும் இல்லை. தெருச் சத்தம் திண்ணையோடு நின்றது. குறுக்கிவிட்டார்கள் என்ற எண்ணம் எனக்கு எழவே இல்லை.

பூக்காரம்மாவிடம் அந்த அம்மா சொன்னதைப் பாயசம் குடித்தபடி கேட்டேன். "அங்க மூணு மாடி. ஏழு ரூமு. புள்ளைக படிக்கிறப்ப எல்லாம் வேண்டியிருந்துச்சு. போனதுக்கப்புறம் மேல ஏறி ஜன்னலத் தொறந்து, தூசி தட்டி, திரும்பப் பூட்டுறதே பொழப்பாப் போச்சு. இடுப்புல சாவிக்கொத்துத்தான் கனம்." பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரே ஒரு சாவியைக் காட்டினார். நகை காட்டுவதுபோலக் காட்டினார்.

அவர்கள் விட்டுவந்த வீடு ஊருக்கு வெளியே. அந்தப் பக்கமெல்லாம் எனக்குப் பழக்கம். ஒத்தக்கடை தாண்டி யானைமலை ஓரம், திருப்பாலைக்கு வடக்கே, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் என்று மதுரை சமவெளியில் பரந்துகொண்டே போகிறது. 1895-ல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வைகைக்குத் திரும்பிய பிறகு இருபோகம் கண்ட வயல்கள் பலவற்றில் இப்போது வண்ணக் கல் ஊன்றியிருக்கிறது. அங்கே கட்டுகிற வீடு பெரிதாகத்தான் வரும். சுற்றிலும் எதுவும் இல்லாத இடத்தில், வேண்டியதையெல்லாம் மதிலுக்குள்ளேயே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. விருந்தினருக்கு ஒரு அறை, சினிமாவுக்கு ஒன்று, நடைக்கருவிக்கு ஒன்று, வராத பிள்ளைகளுக்கு இரண்டு. ஒவ்வொரு அறையும் ஒரு துண்டு வயலின்மேல் நிற்கிறது. அப்படிக் கட்டுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாழ்நாள் உழைப்பு நாலு பேர் கண்ணில் படவேண்டும் என்ற ஆசை நியாயமானது. எனக்கு வருத்தமெல்லாம், கட்டியவரே பிறகு அந்த வீட்டுக்குக் காவற்காரராகிவிடுகிறாரே என்பதுதான்.

இந்தச் சந்தில் வீட்டுக்குள் இல்லாததெல்லாம் பத்து நிமிட நடையில் இருக்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு அவர்கள் கதவைப் பூட்டிவிட்டு மீனாட்சி கோயிலுக்குப் போவார்கள். ஆடி வீதியில் உட்கார்ந்திருப்பதை நானும் கண்டிருக்கிறேன். மதில் நிழலும் வேப்பங்காற்றும், ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகளும் அங்கே உண்டு. அவ்வளவு பெரிய கூடத்தை எந்த வீட்டுக்குள் கட்ட முடியும்? விருந்தாள் திடீரென்று வந்தால் தூக்குச் சட்டியோடு அவர் விளக்குத்தூண் பக்கம் நடப்பார். இந்த ஊரில் நடுராத்திரிக்கும் இட்லி ஆவி பறக்கும். வாசலுக்கே மல்லிகை வரும். சித்திரையில் தேர் மாசி வீதியில் வரும்போது நாலு எட்டு வைத்தால் தரிசனம். வீடு சின்னதாக இருக்கலாம். அதன் மிச்ச அறைகளை ஊர் வைத்திருக்கிறது.

சண்டிகர் நகரத்தை வரைந்த லெ கொர்புசியே தமக்கென்று 1952-ல் பிரான்சின் கடலோரத்தில் ஒரு மரக்குடில் கட்டிக்கொண்டார். 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், நம் ஊர்க் கணக்கில் பன்னெண்டுக்குப் பன்னெண்டு ரூம். அடுக்களைகூட வைக்கவில்லை, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டார். குளிக்கக் கடல் இருந்தது. ஊர் ஊராகப் பெருங்கட்டடங்கள் வரைந்த கை, தனக்கு எவ்வளவு வேண்டும் என்று வரைந்தபோது அந்த அளவுக்கு வந்து நின்றது. 1965-ல் சாகும்வரை கோடைதோறும் அங்கேதான் போனார்.

மதுரையிலிருந்து தென்கிழக்கே கொஞ்ச தூரத்தில் கீழடி. 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில் கூரை ஓடுகளை வைத்திருக்கிறார்கள். மழைநீர் வடிய, பச்சை மண்ணில் விரலால் இழுத்த பள்ளங்கள் அவற்றில் அப்படியே இருக்கின்றன. தந்தச் சீப்பும் தாயக்கட்டையும் வட்டுச் சில்லும் பக்கத்துப் பெட்டிகளில். இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகியும் என்னை நிறுத்தி வைத்தது அந்த விரல் தடம்தான். எந்த வீட்டின் ஓடு, அது எத்தனை அறை வீடு என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. யாரோ ஒருவர் கவனமாக இழுத்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பார்த்ததில் பாதியை மறைத்தவனாவேன். இதே சந்தில், இன்னொரு ஒன்றரை சென்ட்டுக்குள், மூன்று குடித்தனங்கள் இருக்கின்றன. ஒரு அறையில் ஆறு பேர். வாசற்படியில் உட்கார்ந்து சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிற பாட்டிக்கு, வீட்டுக்குள் உட்கார இடமில்லாததாலும்தான் வாசற்படி. அங்கே சின்னது என்பது நெருக்கடி. எதிர்வீட்டில் அதுவே சுகம். அளவு ஒன்றுதான், எத்தனை பேருக்கு, எந்த விருப்பத்தில் என்பது வேறு. பெரியதை வேண்டாம் என்று வைக்க முடிந்தவருக்குத்தான் சின்னது ஆடம்பரம். அந்த அம்மாவுக்கு இது தெரிந்திருக்கிறது. அவர்கள் வீட்டுத் திண்ணைக்குக் கம்பிக்கதவு போடவில்லை. மத்தியான வெயிலில் பாட்டி முடிச்சுத் துணியோடு அங்கே வந்து உட்காருகிறார். யாரும் அவரை அழைத்ததை நான் பார்க்கவில்லை, எழுந்து போகச் சொன்னதையும் பார்க்கவில்லை.

இந்தப் பொங்கலுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். எட்டுப் பேர். பெட்டிகளை வைக்க இடமில்லாமல் முற்றத்தைச் சுற்றி அடுக்கினார்கள். குளியலறைக்கு வரிசை நின்றது. மகன் முகம் சுளித்ததைக் கண்டேன். "அந்த வீட்ட வித்திருக்க வேணாம்ப்பா" என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது. தகப்பனார் பதில் சொல்லவில்லை; மொட்டைமாடிக்குப் பாய்களை எடுத்துப் போனார். அன்றிரவு தட்டோட்டுத் தரையில் எட்டுப் பேரும் அவர்கள் இருவரும் வரிசையாகப் படுத்திருந்தார்கள். பேரன் கோபுரத்து விளக்கைக் காட்டி ஏதோ கேட்க, தாத்தா சொல்ல, அத்தை திருத்த, வெகுநேரம் சிரிப்புச் சத்தம். ஏழு அறை வீட்டில் இந்நேரம் ஏழு கதவுகள் சாத்தியிருக்கும். நான் என் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு நாளில் அவர்கள் போனார்கள். போனபின் எந்த அறையும் காலியாகவில்லை. காலியாவதற்கு அங்கே அறை இல்லை.

இப்போது அந்தக் கதவு தினமும் காலை ஆறரைக்குத் திறக்கிறது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் நானும் மேசைக்கு வந்துவிடுகிறேன். அவர் வாசலில் தண்ணீர் தெளிப்பார். அந்த அம்மா கோலம் போடுவார். வீடு பெருக்க அரைமணிகூட ஆகாது. பிறகு அவர் பேப்பரோடு திண்ணைக்கு வருவார், அந்த அம்மா அடுக்களைக்குப் போவார்.

"ஏங்க, காபி."

சத்தமாகக் கூப்பிடுவதில்லை. சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்று சொன்ன அதே குரலில்தான் சொல்கிறார். அவர் எழுந்து உள்ளே நடக்கிறார்.

இந்தத் தையோடு ஒரு வருடம் முடிந்தது. காலை வெயில் முற்றத்தில் இறங்கும் நேரத்தில், திறந்த கதவு வழியாகத் தரை முழுவதும் இங்கிருந்தே தெரிகிறது. ஓரங்களில் பூக்கல் இன்னும் பதித்த அன்றைய மங்கலில்தான் இருக்கிறது. திண்ணையிலிருந்து நிலையைத் தாண்டி, முற்றத்தைச் சுற்றி, அடுக்களை வரைக்கும் ஓரடி அகலத்துக்கு ஒரு தடம் மட்டும் தண்ணீர் ஊற்றியதுபோல மினுக்குகிறது.